நீலமாகிப்போன பனி

“ஹலோ… ஹலோ… கசாமா சான்தானே?… ஆமா, நான்தான், தொகாஷி… ஆமா ஆமா, இங்கயும் மழைதான், மூணு நாளா விடல… இல்லீங்க, மழையப் பத்திப் பேசறதுக்குக் கூப்பிடல. மொதல்ல உக்காருங்க… உக்காந்தாச்சா?… சரி. இது ஏழாம் விதிப்படி பண்ற போன்… நம்ம சங்கத்தோட ஏழாம் விதி. ஒரு உறுப்பினர் மேல புகார் வந்தா, கூட்டத்துக்கு முன்னாடி செயலாளர் அவருக்கு வாயால தெரிவிக்கணும்… ஆமா, நான் எழுதின விதிதான்… யார் மேல புகாரா? உங்க மேலதான்… குடுத்தது யாரா? அதுவும் நான்தான்.”

தொகாஷி தொலைபேசியைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மேசை மேலிருந்த தாளை நேராக்கினார். தகாசாகி நகராட்சியின் குடும்பப் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டு வேலை பார்த்தவர். கோபம் வந்தாலும் அதற்கு எண் போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். தாளில் ஆறு எண்கள் இருந்தன. மதியம் இரண்டு மணிக்கு மாயேபாஷி சமூகக்கூடத்தில், திரைப்பட வட்டுச் சேகரிப்போர் சங்கத்தின் மாதக் கூட்டம். பதினான்கு உறுப்பினர். தொகாஷி அதன் செயலாளர். அதைவிடப் பெரிய பதவி, வெளிவரும் ஒவ்வொரு வட்டையும் போட்டுப் பார்த்து, படம் தெளிவா, நிறம் சரியா என்று தீர்ப்பு எழுதுவது. அந்தத் தீர்ப்புகளை டைப் செய்து காலாண்டு இதழாக அச்சடித்துத் தருபவர் கசாமா. அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் பதினேழு ஆண்டுப் பழக்கம்.

“குறுக்க பேசாதீங்க, வாசிக்கிறேன். ‘ஏப்ரல் ஒன்பதாம் தேதி, உறுப்பினர் கசாமா, செயலாளர் தொகாஷியிடமிருந்து ‘வெண்சரிவு’ படத்தின் முதல் பதிப்பு ப்ளூ-ரே வட்டை இரவல் பெற்றார்.’ சரியா?… ‘ஜூன் மாதம் திருப்பி அனுப்பினார்.’ சரியா?… ஆமா, கூரியர்ல வந்துச்சு. போன வாரம் செவ்வாக்கிழமை. நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஆனா ஒண்ணு கசாமா சான். வந்தது என் உறை. உள்ள இருந்தது என் டிஸ்க் இல்ல… ஹலோ?… இருக்கீங்களா?”

‘வெண்சரிவு’ வந்த குளிர்காலத்தில் நாடே வரிசையில் நின்று அதைப் பார்த்தது. மலைப்பாதையில் பனியில் புதைந்துபோன ரயிலை ஊர்க்காரர்கள் தோண்டி எடுக்கிற கதை. அதன் ப்ளூ-ரேக்கு இரண்டு பதிப்பு உண்டு. இரண்டாம் பதிப்பில் படக் கம்பெனி யாரிடமும் சொல்லாமல் நிறத்தில் கைவைத்துவிட்டது, பனி நீலம்பாரித்துப்போனது. அட்டையிலோ வட்டிலோ ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. போட்டுப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும். முதல் பதிப்பு இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. கசாமாவிடம் இருந்தது இரண்டாம் பதிப்பு.

“சாட்சியா? ஆறு இருக்கு. ஒண்ணு, பனி. வந்த அன்னைக்கு மத்தியானமே போட்டுப் பாத்தேன். நாப்பத்தேழாவது நிமிஷம், எஞ்சின் பனிய முட்டிக்கிட்டு வெளிய வருமே, அந்தக் காட்சி. பனி எப்படி இருந்துச்சு தெரியுமா? சொட்டு நீலத்த ஜாஸ்தியாக் கரைச்சு அதுல முக்கி எடுத்த படுக்கை விரிப்பு மாதிரி! பதிமூணு வருஷத்துல நாப்பது தடவ பாத்திருக்கேன் அந்தக் காட்சிய. என் பனி எனக்குத் தெரியாதா?… இருங்க, இருங்க. ரெண்டு. டிஸ்க்ல ஒரு கைரேகை இல்ல… இருந்தாத்தானே தப்பா? இல்லாததுதான் தப்பு. நான் குடுக்கறப்ப ஓரத்துல என் பெருவிரல் ரேகை ஒண்ணு இருந்துச்சு, எனக்குத் தெரியும், துடைக்கணும்னு நினைச்சு மறந்தேன். இப்ப பளபளன்னு இருக்கு… துடைச்சு அனுப்பினீங்களா? ஓஹோ. மரியாதைக்கா? சரி, எழுதிக்கிறேன். ‘துடைத்ததாக ஒப்புக்கொள்கிறார்.’”

அவர் உண்மையாகவே எழுதிக்கொண்டார்.

“மூணு. இனிப்புப் பெட்டி… ஆமா, டிஸ்கோட வந்துச்சே, பயறு பூரணம் வெச்ச உருண்டை. பன்னண்டு உருண்டை! இரவல் வாங்கின சாமானத் திருப்பறப்ப கூட ஏதாச்சும் வெச்சு அனுப்பறது வழக்கம்தான், நான் இல்லைங்கல. ஆனா பதினேழு வருஷமா நீங்க வெச்சது என்ன? அரிசி பிஸ்கட், நாலு. போன வருஷம் மூணு. திடீர்னு பன்னண்டு பூரண உருண்டை, அதுவும் ஸ்டேஷன் பக்கத்துப் பெரிய கடைலேர்ந்து, தங்கக் கலர் கயிறு கட்டி. மனசு குத்தினாத்தான் ஒரு மனுஷன் இவ்வளவு செலவு பண்ணுவான்… எதுக்கு?… எனக்கு உடம்பு தேறினதுக்கா?… ஓ. கண்ணு ஆபரேஷனுக்கா?”

கொஞ்சம் தடுமாறினார். மே மாதம் இரண்டு கண்ணிலும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் புரை எடுத்திருந்தார்கள். நலம் விசாரிக்கிற பெட்டி என்று அவருக்குத் தோன்றவில்லை. மேலே துண்டுச்சீட்டு ஒன்று இருந்ததாக இப்போது ஞாபகம் வந்தது. மனைவி சயோகோ அதை எங்கே வைத்தாளோ.

“சரி, மூணாவத அடிச்சிடறேன். அடிச்சாச்சு… கண்ணா? கண்ணு பிரமாதமா இருக்கு. டாக்டர் ஒரு மாசம் படம் பாக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தார், ரேடியோவக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். கட்ட அவுத்த அன்னைக்கு வீடே வெள்ளையடிச்ச மாதிரி இருந்துச்சு. முந்தியவிட நூறு மடங்கு நல்லாத் தெரியுது. தெரியப்போயித்தான் உங்க வேல மாட்டுச்சு!… என்ன?… வேற படம் ஒண்ணு போட்டுப் பாக்கணுமா? எதுக்கு? பேச்ச மாத்தாதீங்க. குணமானதும் மொதல்ல ‘வெண்சரிவு’தான் பாக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன், அதப் பாத்தப்புறம் வேற எதையும் போடப் பிடிக்கல எனக்கு. வயிறு எரிஞ்சு போச்சு… இல்ல, சமையல்கட்டு டிவில எப்பவும் சயோகோவோட நாடகம்தான் ஓடும், நான் அதப் பாக்கறதே இல்ல. இதெல்லாம் ஏன் கேக்கறீங்க? கேள்வி கேக்கறது நானா, நீங்களா?”

கதவு கொஞ்சமாய்த் திறந்தது. பார்லி டீ டம்ளரோடு சயோகோ எட்டிப்பார்த்தாள்.

“வெச்சிட்டுப் போ… சண்டையெல்லாம் இல்ல. சங்க விஷயம்… ஆமா, கசாமா சான்தான்… அதெல்லாம் சொல்ல முடியாது, கதவச் சாத்திட்டுப் போ… ஹலோ. இல்ல, சயோகோ. உங்கள விசாரிச்சா. இந்த நேரத்துல!”

டீயில் ஒரு வாய் குடித்தார். தாளில் நான்கு, ஐந்து, ஆறு என்று மூன்று சாட்சிகள் மிச்சம் இருந்தன. உறையின் மேல் சுற்றியிருக்கும் பட்டைக் காகிதத்தில் அரை நூல் அளவுக்கு ஒரு மடிப்பு, அப்புறம் அதைவிடச் சின்னதாக இரண்டு. வாசிக்கப்போனால் தனக்கே அற்பமாய் இருக்கும் என்று தோன்றியது. தாளைத் தள்ளிவைத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பினார்.

இந்தச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உயிரான படம் என்றால் மூன்று பிரதி வாங்குவார்கள். ஒன்று பார்க்க, ஒன்று பாதுகாக்க, ஒன்று பரப்ப. பரப்புகிற பிரதி தெரிந்தவர்களுக்கெல்லாம் இரவலாய்ச் சுற்றும். தொகாஷியுடையது பதிவேட்டுப் பிரிவு மேலதிகாரியின் மகனிடம் போய் ஊரை விட்டே போய்விட்டது. அதனால்தான் கசாமா கேட்டபோது பார்க்கிற பிரதியை எடுத்துக் கொடுத்தார். பாதுகாக்கிற பிரதி, மேலே சுற்றிய கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்காமல், வெயில் படாத மேல் தட்டில் பதிமூன்று ஆண்டாக நின்றுகொண்டிருந்தது. அதைப் பிரிப்பது என்றால், பாதுகாத்த பதிமூன்று ஆண்டும் வீண்.

“கசாமா சான், கேளுங்க. மூணு பிரதியும் ஒரே நாள், ஒரே கடை, ஒரே தட்டிலேர்ந்து எடுத்தது. பாதுகாக்கிற பிரதி என் கண்ணு முன்னாடி இருக்கு. இதப் பிரிச்சுப் போட்டா, பனி வெள்ளையா வரும். உங்க பதிப்பு நீலமா வரும். அப்புறம் பேச்சே இல்ல… என்ன?… வேணாமா?… பிரிக்க வேணாமா? ஏன்?… ‘தயவுசெஞ்சு’வா! இவ்வளவு கெஞ்சறீங்க? பதிமூணு வருஷமா வெச்சிருந்தது என் டிஸ்க், பதறறது நீங்க. பயம் வந்திடுச்சு, இல்ல?… என் நல்லதுக்கா? என் நல்லத நான் பாத்துக்கறேன். இதோ, கையில எடுத்தாச்சு… கத்தாதீங்க. நகத்த வெச்சாச்சு… கேட்டுச்சா சத்தம்? கேட்டுச்சில்ல?”

கண்ணாடித்தாள் கிழிந்த சத்தம் அவருக்கே என்னவோ போல் இருந்தது. புது வட்டு வாசனை பதிமூன்று ஆண்டு உள்ளேயே அடைந்து கிடந்து ஒரேயடியாய் மூக்கில் ஏறியது. பழைய வட்டை வெளியே எடுத்தார். புதியதைப் போட்டார். தொலைக்காட்சியில் நாற்பத்தேழாவது நிமிடத்துக்கு ஓட்டினார்.

“… … …

“இருக்கேன்… பாத்துக்கிட்டிருக்கேன்… … நீலம்.

“நீலம்னேன். அதே நீலம்… எனக்கு எப்படித் தெரியும்! கடைக்காரன் அன்னைக்கே ஏமாத்திட்டானோ?… இல்ல, வாங்கின வாரமே பாத்தேனே, வெள்ளையா இருந்துச்சே… கசாமா! நீ என் வீட்டுக்கு எத்தனை தடவ வந்திருக்க? இந்த ரூம்ல தனியா உக்காந்திருக்க. நான் டீ வாங்கப் போனப்ப மேல் தட்டுல… கண்ணாடித்தாள மறுபடி ஒட்டறதுக்கு மெஷின் இருக்குன்னு நம்ம சங்கத்து இதகாகி சொல்லியிருக்கான். அச்சாபீஸ்ல அந்த மெஷின் இருக்குமா இருக்காதா? சொல்லு!”

பெயரோடு மரியாதைச் சொல்லான ‘சான்’ சேர்க்காமல் கூப்பிட்டதும், ‘நீ’ என்றதும், பேசி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது. பதினேழு ஆண்டில் முதல் தடவை. பிறகு கசாமா எதையோ மெல்லக் கேட்டார்.

“… நோட்டா? எந்த நோட்டு?… டிவி நோட்டா? இருக்கு, கைக்கெட்டற தூரத்துலதான் இருக்கு. எப்பெப்ப எந்த அளவுல வெச்சேன்னு எல்லாம் எழுதியிருக்கு, நான் என்ன உங்கள மாதிரியா… எதுக்கு வாசிக்கணும்?… வாசிச்சாத்தான் சொல்லுவீங்களா? சரி. எது, வெளிச்சமா?… நீல அளவா? நீல அளவு… ரெண்டாயிரத்துப் பதினோராம் வருஷம், டிவி வாங்கினப்ப, பூஜ்யம். பதிமூணுல ரெண்டு. பதினாறுல அஞ்சு… ஏன் கூட்டினேனா? டிவிக்கு வயசாகுதுல்ல, மஞ்சளடிச்சுது, கூட்டினேன். பதினெட்டுல புது டிவி. ஆறு… ஆமா, வந்த அன்னைக்கே ஆறு. அந்த டிவியும் மஞ்சள். கடைக்காரன் கூடச் சண்டை போட்டு மாத்தி வாங்கினேனே, ஞாபகமில்ல? மாத்திக் குடுத்ததும் மஞ்சள். அந்தக் கம்பெனியே சரியில்லன்னு நான்… இருபத்தொண்ணுல ஒம்போது. போன வருஷம் பதிமூணு. அதுக்கு மேல போகாது, அதுதான் கடைசி…”

நோட்டுப் புத்தகத்தின் மேல் விரல் நின்றுவிட்டது. பூஜ்யம், இரண்டு, ஐந்து, ஆறு, ஒன்பது, பதிமூன்று. தன் கையெழுத்திலேயே, தேதியோடு, ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டு போனது.

“… கசாமா சான்… ஒரு சந்தேகம்… புது டிவி, பெட்டியப் பிரிச்ச அன்னைக்கே எப்படி மஞ்சளா இருக்கும்?… ம்… ரெண்டு டிவி எப்படி இருக்கும்… ம்… ம்… புரை வந்தா அப்படியா? எல்லாமே மஞ்சளாத் தெரியுமா?… கொஞ்சம் கொஞ்சமா வர்றதால நமக்கே தெரியாதா… டாக்டர் என்கிட்ட அதச் சொல்லவே இல்லியே… சொல்லியிருப்பார். நான் எப்ப படம் பாக்கலாம்னு மட்டும்தான் கேட்டேன்.

“… பூஜ்யத்துக்குக் கொண்டு வரணுமா? சரி. இருங்க, ரிமோட்… பன்னண்டு… பத்து… எட்டு… பேசாதீங்க… நாலு… ரெண்டு…

“பூஜ்யம்.”

பனி வெள்ளையாக இருந்தது. நீலம் இல்லை, மஞ்சள் இல்லை. எஞ்சின் முட்டிய இடத்தில் உதிர்ந்த துகள்கள்கூடத் தனித்தனியாய் வெள்ளை. எஞ்சின் ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு வெளியே தலை நீட்டினார். அவர் வாயிலிருந்து மூச்சு புகையாகப் போனது. இரண்டு வட்டும் முதல் பதிப்புதான். கசாமா எதையும் மாற்றவில்லை.

“… ம். வெள்ளை… ஆமா… ஆமா… இல்ல, அழுகையெல்லாம் இல்ல, சொட்டு மருந்து போடற நேரம். கசாமா சான், நான் உங்கள… இருங்க. இருங்க இருங்க. இது என்ன? டிரைவர் கழுத்துல சுத்தியிருக்கற துணி ஊதாவா?… ஊதாக் கலரா அது? நாப்பது தடவ பாத்திருக்கேன், பழுப்பு! பழுப்புன்னு ஒரு கட்டுரையே எழுதினேனே. இருபதாம் வருஷம், இலையுதிர் கால இதழ்ல… ‘மண்ணின் மக்களுக்கு மண்ணின் நிறம்’னு… எல்லாரும் பாராட்டினாங்களே. ஐயோ, பதினாலு பேர் வீட்டுலயும் அந்த இதழ் இருக்கே! இருங்க, எடுக்கறேன்… எடுக்க வேணாமா? இன்னைக்கு நான் எதத் தொட்டாலும் வேணாங்கிறீங்க… இதோ, பதினோராம் பக்கம்…”

படித்தார். மறுபடி படித்தார். இதழை மேசையில் வைத்துவிட்டு, கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை உருவினார். அச்சுக்கு அனுப்புகிற ஒவ்வொரு தீர்ப்புக்கும் கைப்பிரதி ஒன்று வைத்துக்கொள்வது அவர் வழக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“கசாமா சான்… இதழ்ல ‘ஊதா’ன்னு போட்டிருக்கு… ‘பனியின் நடுவே ஓர் ஊதா, மலைக்காட்டுப் பூவைப் போல’ன்னு போட்டிருக்கு. என் கைப்பிரதில ‘பழுப்பு, மண்ணைப் போல’. நான் பூன்னு என் வாழ்க்கைலயே எழுதினதில்ல… அச்சுப் பிழையா? மண்ணு பூவாகறதா அச்சுப் பிழை?… பக்கத்த இன்னும் திருப்பறேன். ‘முகங்கள் மஞ்சள் காமாலை பிடித்தது போல் உள்ளன, வாங்காதீர்கள்’னு எழுதியிருக்கேன். இங்க… ‘முகங்கள் இயல்பாக உள்ளன, வாங்கலாம்’! கசாமா சான்! எப்பலேர்ந்து நடக்குது இது?… ஆறு வருஷமாவா!

“நான் நினைச்சது சரிதான். மாத்திட்டான் மாத்திட்டான்னு மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. டிஸ்க்க மாத்தல நீங்க. என் எழுத்த மாத்தியிருக்கீங்க!… எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?… புத்தாண்டுக்கு வந்தப்பவா? பத்தொம்பதாம் வருஷமா?… நடிகருங்க மூஞ்செல்லாம் பொணம் மாதிரி நீலமா இருந்துச்சா? மூணு மணி நேரம் என் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, ‘அருமையான நிறம் தொகாஷி சான்’னு சொல்லிட்டுப் போனீங்களே!… நான் கோவப்படுவேன்னா? நான் எப்பய்யா கோவப்பட்டேன்!”

இது வீடு முழுக்கக் கேட்டது. சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

“… இல்ல, சொல்லுங்க. காது குடுத்துக் கேக்கறேன்… ம்… ம்… நான் ஓய்வு வாங்கின வருஷமா… ஆமா, அப்ப ஒரு மாதிரி இருந்தேன்தான்… ஆமா, காலைல எந்திரிச்சா இந்தத் தீர்ப்பு எழுதற வேல ஒண்ணுதான் இருந்துச்சு. அத எடுத்துட்டா என்ன ஆவேன்னா?… அது உங்களுக்கு யார் சொன்னது? நான் சொல்லவே இல்லியே… யாரு?… சயோகோவா? சயோகோ உங்களுக்கு போன் பண்ணினாளா!… கண்ணு டாக்டர்கிட்ட எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிடறேன், அதுவரைக்கும்னு… ஆறு வருஷம் ஆச்சா நான் போக?… சயோகோ! இங்க வா கொஞ்சம்!… வாசக் கதவு சாத்தற சத்தம் கேக்குது. குடைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இந்த மழைல எங்க போறா!

“வீட்டுக்குள்ளயே ஆள் வெச்சிருந்தீங்க. சரி. கணக்கா சொல்லுங்க. ஆறு வருஷத்துல எழுபத்திரண்டு தீர்ப்பு எழுதியிருக்கேன். எத்தனைய மாத்தினீங்க?… பத்தொம்போது. மத்த அம்பத்திமூணு?… சரியா இருந்துச்சா?… நெசமாவா, இல்ல இதுவும் ‘அருமையான நிறம்’ மாதிரியா?… சத்தியமா?… ம்… அப்ப சங்கத்துல எல்லாரும் நம்பி வாங்கினாங்களே, அது என் கண்ண நம்பி இல்ல. பத்தொம்போது தடவ உங்க கண்ண நம்பி… இல்ல, சமாதானம் சொல்லாதீங்க. நீங்க சமாதானம் சொன்னாலே எனக்கு இப்ப பயமா இருக்கு.”

சுவர்க் கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. ஆறு சாட்சிகள் எழுதிய தாளை எடுத்து இரண்டாய்க் கிழித்தார். கிழித்ததையும் ஒழுங்காக ஒன்றின்மேல் ஒன்று வைத்தார்.

“கேளுங்க. நிகழ்ச்சி நிரல் போன வாரமே தபால்ல போயாச்சு. மூணாவது, ‘ஓர் உறுப்பினர் பற்றிய விஷயம்’. நல்லவேளை, பேர் போடல. அந்த உறுப்பினர் நான்… இல்ல, தள்ளிவைக்க முடியாது. விஷயம்னு போட்டுட்டு விஷயம் இல்லைன்னா, பதிமூணு பேரும் ஆளாளுக்கு ஒண்ண நினைப்பாங்க. இதகாகி உங்க மூஞ்சியத்தான் மொதல்ல பாப்பான், ஏன்னா நான் அவன்கிட்ட… கொஞ்சம் சொல்லிட்டேன்… பேர் சொல்லல, ‘அச்சு வேல தெரிஞ்சவர்’னு சொன்னேன்… மன்னிச்சிடுங்க… மன்னிச்சிட்டேன்னு உடனே சொல்லாதீங்க, கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொல்லுங்க.

“கம்ப்யூட்டரத் தொறங்க. நான் சொல்றேன், நீங்க டைப் பண்ணி, பதினாலு பிரதி எடுத்துக் கொண்டாங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது… தொறந்தாச்சா? எழுதுங்க. ‘செயலாளர் தொகாஷி, தம் கண்ணில் புரை வளர்ந்ததை அறியாமல், ஆறு ஆண்டுகள் நிறத் தீர்ப்பு எழுதினார்.’ ஆச்சா?… ‘அவற்றுள் பத்தொன்பது தீர்ப்புகள் பிழையானவை. அவற்றை உறுப்பினர் கசாமா, ஆசிரியரின் அனுமதி பெறாமல் திருத்தினார். அனுமதி பெறாதது தவறு.’ ஆமா, அதையும்தான் போடணும். தவறு தவறுதான்… போட்டுட்டீங்களா? சரி. ‘இதை அறியாத செயலாளர், பதினேழு ஆண்டு நண்பரைத் திருடர் என்று சந்தேகித்தார். இது வெட்கக்கேடானது. வரும் இதழிலிருந்து தீர்ப்பு எழுதும் பொறுப்பிலிருந்து அவர் விலகுகிறார். விரும்பினால் சங்கம் வேறொருவரை நியமிக்கலாம்.’ முற்றுப்புள்ளி. எங்க, திருப்பி வாசிங்க.”

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலை மெல்ல ஆடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

“நில்லுங்க. ‘அனுமதி பெறாதது தவறு’, அது அப்படியே இருக்கு. சரி. அடுத்த வரி… ‘திருடர் என்று சந்தேகித்தார்’னு சொன்னேன். ‘சிறு ஐயம் கொண்டார்’னு வாசிக்கிறீங்க!… ‘வெட்கக்கேடானது’ எங்க? ‘வருந்தத்தக்கது’ எங்கேர்ந்து வந்துச்சு?… கை தானா போயிடுச்சா? உங்க தப்ப மட்டும் அட்சரம் பிசகாம அடிச்சிருக்கீங்க, என் தப்புன்னா கை தானா போகுதா?… திருத்தியாச்சா? சும்மா சொல்லாதீங்க, கீபோர்டு தட்டற சத்தமே கேக்கலியே… மறுபடி வாசிங்க… ம்… ம்… ‘சங்கம் விரும்பினால் அவரே தொடரலாம்’! அது நான் சொல்லவே இல்ல! கசாமா சான், நீங்க திருந்தவே மாட்டீங்க!… சிரிக்காதீங்க… நான் சிரிக்கல, இது இருமல்.

“வேணாம். ஒண்ணும் பண்ணாதீங்க. கையக் கீழ வைங்க. பதினொண்ணு இருபது வண்டியப் பிடிச்சு நானே உங்க வீட்டுக்கு வரேன். நீங்க அடிங்க, நான் பக்கத்துல உக்காந்து எழுத்தெழுத்தாப் பாக்கறேன். எனக்கு இப்பக் கண்ணு நல்லாத் தெரியுது, ஞாபகம் வெச்சுக்கோங்க. வெச்சிடறேன்.”